அபயதானமும் பந்தயக் குதிரையும்



நம் ஜிநாலயங்களில் 24 தீர்த்தங்கரர்களின் திருவுருவங்களை வரிசையாக வணங்கிச் செல்லும்போது, நம் குழந்தைகள் முதலில் கவனிப்பது பீடத்தில் பொறித்துள்ள இலாஞ்சனங்களையே. விருஷபதேவருக்கு எருது, அஜிதநாதருக்கு யானை, மூன்றாம் தீர்த்தங்கரராகிய சம்பவநாதருக்குக் குதிரை என்று அவர்கள் விரல் விட்டுச் சொல்லும் அழகே தனி.

கல்லில் செதுக்கிய குதிரையின் முன் கைகூப்பி நிற்கும் நாம், உயிருள்ள குதிரை ஒன்று கால் ஒடிந்து நிற்கும்போது என்ன செய்யக் கடமைப்பட்டவர்கள்? பந்தயத்தில் ஓடிக் காயமுற்று, 'இனி இது பயன்படாது' என்று ஒதுக்கப்பட்ட குதிரைக்கு வாழ்நாள் முழுவதும் புகலிடம் அளிக்கும் பணி இன்று பல நாடுகளில் நடைபெறுகிறது. அப்பணியை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அபயதானம் என்னும் சொல்லின் முழுப்பொருளை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

ஐம்பொறியும் மனமும் உடைய உயிர்

ஓரறிவு முதல் ஐயறிவு வரை உயிர்களை வகுத்த நம் ஆசிரியர்கள், ஐம்பொறி உயிர்களை மனமுடையவை, மனமில்லாதவை என மேலும் இரண்டாகப் பிரித்தனர். குதிரை மனமுடைய ஐம்பொறி உயிர். தன்னைப் பேணியவரின் குரலை அது அறியும். அடித்தவரைக் கண்டால் ஒதுங்கும். தன் கூட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டால் கனைத்துத் தேடும். ஆகவே அதற்கு நேரும் துன்பம் உடலோடு நின்றுவிடுவதில்லை.

நன்கு பேணப்படும் குதிரை 25 முதல் 30 ஆண்டுகள் வரை வாழக்கூடும். பந்தயத்திற்கென வளர்க்கப்படும் தரோபிரெட் இனக் குதிரையோ தன் இரண்டாம் வயதிலேயே ஓட்டத்திற்குக் கொண்டுவரப்படுகிறது. முதுகெலும்பு முற்றி உறுதிப்பட ஐந்தாறு ஆண்டுகள் ஆகும் என்று கால்நடை மருத்துவர் கூறுவர். அந்த வயதை எட்டும்போது பெரும்பாலான குதிரைகளின் பந்தய வாழ்வு முடிந்தே போகிறது. சில ஆண்டுகள் ஈட்டிக் கொடுத்த உயிருக்கு அதன்பின் ஏறக்குறைய 20 ஆண்டுகள் எஞ்சியுள்ளன. கைதட்டியவர்கள் எல்லாரும் வீடு திரும்பிய பின்பும் அந்த 20 ஆண்டுகளைக் குதிரை எங்கேயாவது வாழ்ந்தாக வேண்டும். நம் ஆராய்ச்சி அந்த ஆண்டுகளைப் பற்றியதே.

ஒடிந்த கால்

மனிதனுக்குக் கால் ஒடிந்தால் மாவுக்கட்டுப் போட்டுப் படுக்க வைக்கிறோம். சில மாதங்களில் எழுந்து நடக்கிறான். குதிரைக்கு அது எளிதன்று. ஏறக்குறைய 500 கிலோ எடையுள்ள உடலை நான்கு மெல்லிய கால்கள் தாங்குகின்றன. அவ்வெடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு முன்னங்கால்களின் மேல் விழுகிறது. முழங்காலுக்குக் கீழே தசை இல்லை. எலும்பும் தசைநாண்களும் தோலுமே உள்ளன. எனவே முறிவு எளிதில் தோலைக் கிழித்து வெளிப்படும். இரத்த ஓட்டம் குறைவாதலால் ஆறுவதும் தாமதமாகும். குதிரை நின்றபடியே உறங்கும் இயல்புடையது. நெடுநேரம் படுத்துக் கிடந்தால் அதன் நுரையீரலும் குடலும் தசைகளும் கெடும்.

ஒரு காலை ஊன்ற இயலாதபோது எதிர்க்கால் இரட்டைச் சுமையைத் தாங்குகிறது. குளம்பின் உள்ளே எலும்பைப் பற்றி நிற்கும் மெல்லிய இணைப்புத் தகடுகள் அழற்சி கண்டு பிரியத் தொடங்குகின்றன. லாமினைட்டிஸ் எனப்படும் இக்குளம்பு அழற்சி, முறிந்த காலைவிடக் கொடிய வலி தருவது. காயம்பட்ட குதிரைகள் பல இந்த இரண்டாம் நோயினாலேயே உயிர் இழக்கின்றன.

அமெரிக்க நாட்டில் பார்பாரோ என்னும் குதிரைக்கு நேர்ந்தது இதுவே. 2006-ஆம் ஆண்டு மே மாதம் 6-ஆம் நாள் கென்டக்கி டெர்பி பந்தயத்தில் வென்று நாடெங்கும் புகழ் பெற்ற அக்குதிரை, இரண்டு வாரம் கழித்து, மே 20 அன்று பால்டிமோர் நகரில் நடந்த பிரீக்னெஸ் பந்தயத்தில் ஓடத் தொடங்கிய சிறிது நேரத்தில் வலப் பின்னங்காலை ஒடித்துக்கொண்டது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் பெருவிலங்கு மருத்துவமனையில் டாக்டர் டீன் ரிச்சர்ட்சன் உலோகத் தகடும் 27 திருகாணிகளும் பொருத்தி அக்காலைச் சீர்செய்தார். ஒடிந்த கால் தேறி வந்தது. ஆனால் ஜூலை மாதத்தில் எதிர்க்காலில் லாமினைட்டிஸ் கண்டது. எட்டு மாத காலம் போராடிய பின், 2007 ஜனவரி 29 அன்று, வலியை இனித் தணிக்க இயலாது என்று கருதி, உடையவரின் இசைவுடன் அதன் உயிர் முடிக்கப்பட்டது.

பார்பாரோவுக்குக் கிடைத்தது மிக உயர்ந்த மருத்துவம். வெற்றிப் புகழும் செல்வமும் துணை நின்றமையால் அது கிடைத்தது. பெயர் பெறாத குதிரைகளுக்கு அத்தகைய மருத்துவம் கிடைப்பது அரிது.

ஐந்து அதிசாரங்கள்

இத்துன்பத்தைக் கண்டு 'ஐயோ பாவம்' என்று சொல்லி நகர்ந்துவிடலாம். நம் ஆசிரியர்கள் அவ்வாறு நகரவில்லை. விலங்குகளிடம் இல்லறத்தான் எங்கெங்கே தவறக்கூடும் என்பதைக் கணக்கிட்டு வைத்தனர். உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம், அகிம்சை அணுவிரதத்தின் அதிசாரங்களாக ஐந்தைக் கூறுகிறது. அவை பந்தம், வதம், சேதம், அதிபாராரோபணம், அன்னபான நிரோதம் என்பன. ஒரு பந்தயக் குதிரையின் வாழ்வை இவ்வைந்தோடும் ஒப்பிட்டுப் பார்ப்போம்.

பந்தம் என்பது விருப்பம்போல் இயங்கவிடாமல் கட்டியும் அடைத்தும் வைத்தல். பயிற்சி நேரம் போக நாளின் பெரும்பகுதியைப் பந்தயக் குதிரை லாயத்தின் சிறு அறையிலேயே கழிக்கிறது. மேய்ந்து திரியும் இயல்புடைய உயிர் அடைபட்டுக் கிடப்பதால், நின்ற இடத்திலேயே இப்புறமும் அப்புறமும் ஆடிக்கொண்டிருப்பதும் மரச்சட்டத்தைக் கடிப்பதும் அதற்குப் பழக்கமாகிவிடுகின்றன.

வதம் என்ற சொல்லைக் கொலை என்றே நாம் பொருள்கொண்டு, 'நான் எதையும் கொல்வதில்லை' என்று ஆறுதல் அடைகிறோம். பூச்சியபாதர் தம் சர்வார்த்தசித்தி உரையில் இவ்விடத்து வதத்திற்குக் கோல், சாட்டை, பிரம்பு முதலியவற்றால் அடித்தல் என்றே பொருள் கூறுகிறார். பந்தயத்தின் கடைசிச் சில நூறு மீட்டரில் ஓங்கும் சாட்டையை இச்சொல் நேராகவே குறிக்கிறது எனலாம்.

சேதம் என்பது உறுப்பறுத்தல். அடக்குவதற்கு எளிது என்பதற்காக ஆண்குதிரைகள் பலவற்றுக்குக் காயடித்தல் இன்றும் வழக்கில் உள்ளது.

அதிபாராரோபணம் என்பது தகுதிக்கு மேல் சுமையேற்றல். சுமை மூட்டையாக இருக்க வேண்டும் என்பதில்லை. முற்றாத எலும்பின்மேல் மனிதனை ஏற்றி, மணிக்கு 60 கிலோமீட்டர் அளவிலான விரைவில் ஓடச்செய்வதும் சுமையே.

அன்னபான நிரோதம் என்பது உணவும் நீரும் உரிய காலத்தில் கிடைக்காமற் செய்தல். ஓட இயலாத குதிரையைக் கைமாற்றிக் கைமாற்றி விற்று, இறுதியில் தெருவில் விட்டுவிடுவது இவ்வகையைச் சேரும்.

முதல் நான்கும் குதிரை பயன்படும் காலத்தில் நிகழ்பவை. ஐந்தாவது மட்டும் அது பயன்படாது போன பின் நிகழ்வது. அடித்தால் பிறர் கண்ணுக்குத் தெரியும். கைவிட்டால் தெரியாது. ஆதலால் இவ்வைந்தாவது அதிசாரத்தில் நல்லவர்களும் எளிதில் வீழ்ந்துவிடுகின்றனர்.

இரக்கத்தால் கொல்லலாமா?

இங்கு ஒரு கடினமான வினா எழுகிறது. 'தீராத வலியில் துடிக்கும் குதிரையைக் கொன்றுவிடுவதே இரக்கம் அல்லவா?' என்று பலர் கேட்கின்றனர்.

இவ்வினா நம் நாட்டுக்குப் புதியதன்று. 1928-ஆம் ஆண்டு சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்று நோயுற்றுத் துடித்தது. பிழைக்க வழியில்லை என்று மருத்துவர் கூறியபின், காந்தியடிகள் தம் முன்னிலையிலேயே ஊசி மருந்தால் அதன் உயிரை முடிக்கச் செய்தார். அதை மறைக்காமல் தம் இதழ்களில் எழுதவும் செய்தார். சமணர் உள்ளிட்ட பலர் வருந்தியும் சினந்தும் அவருக்கு மடல்கள் எழுதினர். தன்னலமில்லாமல், வலியைத் தீர்க்கும் நோக்கத்துடன் செய்தது இம்சையாகாது என்பது அவர் நிலை.

நம் நூல்களின் நிலை வேறு. அமிர்தசந்திர ஆசாரியர் தம் புருஷார்த்த சித்தியுபாயத்தில், மிகத் துன்புறும் உயிரைக் கொன்றால் அதன் துன்பம் விரைவில் ஒழியும் என்ற எண்ணத்தை எடுத்துக்காட்டி, அதனை வெளிப்படையாக மறுக்கிறார். வினை அனுபவித்தே தீர வேண்டியது. உடலை அழித்தால் வினை அழியாது. அன்றியும், பிறிதோர் உயிரின் வாழ்நாளை முடிக்கும் உரிமை நமக்கு எவ்வாறு வந்தது? இக்கொள்கையிலேயே நாம் நிற்கிறோம்.

ஆனால் இக்கொள்கையைச் சொல்லும் நாம் ஒன்றை உணர வேண்டும். 'கொல்லமாட்டேன்' என்று கூறியவுடன் நம் கடமை முடிவதில்லை. அங்கேதான் அது தொடங்குகிறது. கொல்லவும் மாட்டோம், பேணவும் மாட்டோம் என்றால், அவ்வுயிரின் வலியை நாமே நீட்டித்தவர் ஆகிறோம். நோயுற்ற விலங்குகளுக்காக நம் முன்னோர் அமைத்த பிஞ்சராபோல்கள் நம் சமயத்தின் பெருமைகளுள் ஒன்று. சென்னை அயனாவரத்திலும் பிஞ்சராபோல் உண்டு. எனினும் அத்தகைய நிலையங்கள் சிலவற்றில் விலங்குகள் உயிரோடு வைக்கப்படுகின்றனவே தவிர நலமாக வைக்கப்படுவதில்லை என்ற குறையும் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வந்துள்ளது. அக்குறையைக் கேட்டு நாம் சினம் கொள்ளலாகாது. கொல்லாமை விரதத்தில் பாதி. காத்தல் மீதிப் பாதி. இரண்டாம் பாதியை ஏற்காதவர் முதற்பாதியைக் கூறி வாதாடும் தகுதியை இழக்கின்றனர்.

புகலிடத்தில் நடப்பது என்ன?

சமந்தபத்திரர் இரத்தின கரண்டகத்தில் உணவு, மருந்து, உபகரணம், உறையுள் என்னும் நான்கையும் கொடையாகக் கூறினார். இவை தவத்தோர்க்கு அளிக்கும் பாத்திர தானம் பற்றிக் கூறியவை. விலங்குகளுக்கு நாம் அளிப்பது கருணா தானம். இரண்டும் ஒன்றல்ல. ஆயினும் உயிருக்கு வேண்டுவன எவை என்பதை அறிய இவ்வரிசை நமக்கு நன்கு பயன்படுகிறது.

உணவு: பந்தயக் குதிரை ஓட்டும் கொள்ளும் போன்ற தானியங்களை மிகுதியாக உண்டு பழகியது. புகலிடத்துக்கு வந்ததும் அவற்றை ஒரே நாளில் நிறுத்தினாலும் தீங்கு. அப்படியே தொடர்ந்தாலும் தீங்கு. இரண்டு வார அளவில் சிறிது சிறிதாகக் குறைத்து, புல்லுக்கும் உலர்தீவனத்துக்கும் மாற்ற வேண்டும். 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு 7 முதல் 10 கிலோ வரை உலர்தீவனமும், 25 லிட்டருக்குக் குறையாத தூய நீரும் தேவை. வெயில் காலத்தில் நீர் இன்னும் மிகும்.

மருந்து: தசைநாண் கிழிந்திருந்தால் ஆறுவதற்கு 9 முதல் 12 மாதங்கள் ஆகலாம். முதலில் அறையில் முழு ஓய்வு. பின் கையில் பிடித்துச் சில நிமிட நடை. பின் சிறு அடைப்பில் உலாவல். இறுதியிலேயே பரந்த வெளி. குதிரை தேறிவிட்டதுபோல் துள்ளும். பேணுவோர் அதை நம்பி அவசரப்பட்டால் ஒரே நாளில் எல்லாம் பாழாகும். குளம்பை ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை செதுக்கிச் சீர்செய்ய வேண்டும். பல்லை ஆண்டுக்கு ஒருமுறையேனும் பார்க்க வேண்டும். ஏனெனில் கூரிய பல் விளிம்பு கன்னத்தைக் கிழித்தால் குதிரை மெல்லாமல் பட்டினி கிடக்கும்.

உபகரணம்: சேணமும் கடிவாளமும் இனி வேண்டா. மென்மையான தலைக்கயிறும், ஈ ஓட்டும் முகத்திரையும், புண் கட்டும் துணியும், ஈரமில்லாத படுக்கை வைக்கோலும் போதும்.

உறையுள்: வழுக்காத தரை, மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கிடம், முள்கம்பி இல்லாத வேலி ஆகியவை இன்றியமையாதவை. எல்லாவற்றினும் மேலாகத் துணை வேண்டும். குதிரை கூட்டமாக வாழும் உயிர். தனியே விடப்பட்டால் எப்போதும் அச்சத்தில் நிற்கும். வேறு குதிரை இல்லாவிடில் ஒரு கழுதையோ ஆடோ உடன் இருப்பினும் அது அமைதி கொள்ளும். தன் அருகே மற்றொரு குதிரை காவல் நிற்கக் கண்டாலே அது அச்சமின்றித் தரையில் கிடந்து உறங்கும். அபயம் என்பதற்கு அச்சமின்மை என்பதே பொருள். அதைக் கண்ணால் காண விரும்புவோர் புகலிடத்தில் கால்நீட்டி உறங்கும் குதிரையைக் காணலாம்.

இரண்டு நிகழ்ச்சிகள்

கைவிடுதலும் காத்தலும் மனிதரை எவ்வாறு மாற்றுகின்றன என்பதற்கு இரண்டு நிகழ்ச்சிகளைக் கூறுவோம். இரண்டும் அமெரிக்காவில் நிகழ்ந்தவை.

ஃபெர்டினாண்ட் என்னும் குதிரை 1986-ஆம் ஆண்டு கென்டக்கி டெர்பியில் வென்றது. 1987-இல் அந்நாட்டின் அவ்வாண்டுக்குரிய சிறந்த குதிரையாகவும் தேர்ந்தெடுக்கப்பட்டது. பின்னர் இனப்பெருக்கத்துக்காக ஜப்பானுக்கு விற்கப்பட்டது. அங்கும் பயன் குறைந்தபின் கைமாறி, 2002-ஆம் ஆண்டளவில் இறைச்சிக் கூடத்துக்கு அனுப்பப்பட்டதாக 2003-இல் செய்தி வெளிவந்தது. கோப்பை வென்ற குதிரைக்கே இந்நிலை என்று அறிந்து பலர் அதிர்ந்தனர். அந்த 2003-ஆம் ஆண்டில், பத்திரிகைத் துறையில் பணியாற்றிய மைக்கேல் புளோவன் என்பவர் 'ஓல்டு ஃப்ரெண்ட்ஸ்' என்னும் புகலிடத்தைத் தொடங்கினார். பின்னர் கென்டக்கி மாநிலத்தின் ஜார்ஜ்டவுன் ஊரருகே அது நிலைபெற்றது. 1997-ஆம் ஆண்டு டெர்பி வென்ற சில்வர் சார்ம் என்னும் குதிரையும் ஜப்பானுக்கு அனுப்பப்பட்டிருந்தது. 2014-இல் அது இப்புகலிடத்துக்குத் திரும்பக் கொண்டுவரப்பட்டது.

மற்றொன்று இதனினும் நுட்பமானது. மோனிக் கோலர் என்னும் பெண்மணி 1980-களில் ஓய்வுபெற்ற பந்தயக் குதிரைகளுக்காக ஓர் அறக்கட்டளையை நிறுவினார். நிலம் வாங்கப் பணமில்லை. நியூயார்க் மாநிலச் சிறைத்துறையை அணுகினார். வால்கில் என்னும் இடத்துச் சிறைச்சாலையைச் சேர்ந்த நிலம் கிடைத்தது. குதிரைகளைப் பேணும் வேலையைக் கைதிகள் ஏற்றனர். அதற்கு ஈடாக அவர்களுக்குக் குதிரை வளர்ப்புத் தொழில் கற்பிக்கப்பட்டது. அங்கு முதலில் வந்த பிராமிஸ்டு ரோடு என்னும் குதிரை பெரும்புகழ் எதுவும் பெறாதது. ஓடி ஓடித் தேய்ந்தது. உலகம் ஒதுக்கிய குதிரையை, உலகம் ஒதுக்கிய மனிதன் தேய்த்துக் குளிப்பாட்டினான்.

இது ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. காயமுற்ற குதிரையை அதட்டி நெருங்க இயலாது. அருகில் செல்பவன் தன் குரலைத் தாழ்த்த வேண்டும். கையின் வேகத்தைக் குறைக்க வேண்டும். பொறுமையோடு காத்திருக்க வேண்டும். நாள்தோறும் இவ்வாறு பழகுபவனிடம் சினம் மெல்லக் குறைகிறது. உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவுவதே அவற்றின் இயல்பு என்று தத்துவார்த்த சூத்திரம் கூறுவதன் பொருள் இங்கு விளங்குகிறது. அபயம் பெற்றது குதிரை மட்டும் அன்று.

நாம் செய்யத்தக்கவை

'நம் வீட்டில் குதிரையும் இல்லை, நாம் பந்தயத்துக்குப் போவதும் இல்லை, இதில் நமக்கென்ன?' என்று சிலர் எண்ணலாம். அவர்களுக்காகச் சில கருத்துகள்.

முதலாவது, சூது. நம் நூல்கள் கூறும் ஏழு விசனங்களுள் முதலில் நிற்பது அது. சென்னைப் பந்தயக் கழகம் தொடர்பான வழக்கில், குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த ஆட்டமே அன்றிச் சூதாட்டம் அன்று என்று உச்சநீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. சட்டம் தன் வரையறைப்படி கூறியது. விரதம் ஏற்றவரின் வினா வேறு: நான் கட்டும் பணம் எந்த உயிரின் காலின்மேல் ஏறுகிறது? சாட்டை பிடிப்பவன் ஒருவன். அதற்குக் கூலி கொடுப்போர் ஆயிரவர்.

இரண்டாவது, கொடையின் முறை. மகாவீர ஜயந்தி அன்று ஒருநாள் பெருந்தொகை அளிப்பது நன்றே. ஆயினும் விலங்கு நாள்தோறும் உண்கிறது. ஒரு குடும்பம் ஒரு விலங்கின் ஒரு மாதத் தீவனத்தை ஆண்டுதோறும் தவறாமல் ஏற்பது அதனினும் சிறந்தது. கொடுக்குமுன் நேரில் சென்று பாருங்கள். தொட்டியில் நீர் தெளிவாக உள்ளதா, குளம்புகள் செதுக்கப்பட்டுள்ளனவா, மருத்துவர் வருகிறாரா, புதிதாக இனப்பெருக்கம் செய்யாமல் இருக்கிறார்களா என்று கேளுங்கள். இடத்துக்கும் பொருளுக்கும் மிஞ்சி விலங்குகளைச் சேர்க்கும் நிலையம் தன்னை அறியாமலே அன்னபான நிரோதம் செய்கிறது.

மூன்றாவது, ஊட்டும் முறை. அன்பு மிகுதியால் பொங்கல், வெல்லம், இனிப்பு, சோறு ஆகியவற்றைக் குதிரைக்கு அள்ளிக் கொடுப்போர் உண்டு. குதிரையால் வாந்தி எடுக்க இயலாது. மாவுப்பொருளும் இனிப்பும் மிகுந்தால் கடும் வயிற்றுவலியும், முன்னர்க் கூறிய லாமினைட்டிஸ் நோயும் வரக்கூடும். புண்ணியம் கருதிச் செய்த செயல் உயிருக்கே கேடாகும். பேணுபவரைக் கேட்டு, அவர் சொல்வதை, அவர் சொல்லும் அளவில் கொடுங்கள். அறிவோடு கூடாத தயை முழுமையடைவதில்லை.

இறுதி நாள்

எவ்வளவு பேணினும் ஒருநாள் அக்குதிரை எழ இயலாமல் கிடக்கும். அன்று நாம் என்ன செய்வோம்? சீவகசிந்தாமணியில் சீவகன் செய்ததை நினைவுகூர்வோம். அடிபட்டு உயிர் பிரியும் நிலையில் கிடந்த ஒரு நாயைக் கண்ட அவன், அதன் அருகே அமர்ந்து ஐந்து பதமாகிய மந்திரத்தை அதன் செவியில் ஓதினான். அந்நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாயிற்று. இளவரசனாகப் பிறந்தவன் தெருநாயின் அருகே அமர்ந்தான் என்பதே அக்கதையில் நாம் கற்க வேண்டிய முதற்பாடம்.

வலி தணிக்கும் மருந்தை மருத்துவர் வழியே இடைவிடாது அளிப்பது, நிழல் அமைப்பது, நீரால் வாயை நனைப்பது, ஈ மொய்க்காமல் காப்பது, பழகிய குரலில் நமஸ்கார மந்திரத்தை மெல்லச் சொல்லிக்கொண்டு உடனிருப்பது ஆகியவையே அப்போது நாம் செய்யக் கூடியவை. கொல்லேன் என்ற சொல்லுக்கு இவ்வாறு உடனிருந்தே நாம் விலை கொடுக்க வேண்டும்.

அடுத்தமுறை ஜிநாலயத்தில் சம்பவநாதர் திருமுன் நிற்கும்போது, பீடத்திலுள்ள குதிரையைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். அதன்பின் இக்கட்டுரையில் கண்ட குதிரைகளையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.

இல்லத்தில் கலந்துரையாடச் சில வினாக்கள்

1. அகிம்சை அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்கள் யாவை? நம் தெருவில் காணும் வண்டிமாடு, நாய், ஆடு ஆகியவற்றின் வாழ்வில் இவற்றுள் எவை நிகழ்கின்றன?

2. பாத்திர தானம், கருணா தானம் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு என்ன?

3. 'கொல்லாமை பாதி, காத்தல் மீதிப் பாதி' என்பதை உங்கள் குடும்பத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு விளக்குக.

4. பால் வற்றிய பசுவையும் முதிர்ந்த எருதையும் நாம் என்ன செய்கிறோம்? பந்தயக் குதிரையின் உடையவரைக் குறைகூறுமுன் இவ்வினாவுக்கு விடை காண்க.

எவ்வுயிரும் அச்சமின்றி வாழ்க! அறம் வளர்க!